ஜூலை இருபது வரை

பாலக்கரை, திருச்சி
18.6.2024

அன்புள்ள மெஹராஜ் மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நாத்தனார் ஜெய்த்தூன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பெரியத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல. உங்கள் உடம்பு எப்படி, ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. டவுன் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். இதற்குப் போய் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கோர்ட் நோட்டீஸ் வந்தது. அம்மா பேருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பெரியத்தாவுக்கு ஒன்று. நான்தான் படித்துச் சொன்னேன். 'மனுதாரரின் கணவர் நத்தர்ஷா இம்மனு தாக்கல் செய்யும் தேதியில் இறந்திருந்தால் அவருக்கு வாரிசாகக்கூடியவர்கள்' என்று போட்டு, கீழே எங்கள் பெயர். அந்த வரியை நான் விழுங்கியிருக்கலாம். டீச்சர் வேலை பார்த்துப் பார்த்து எதையும் விடாமல் வாசிக்கிற வழக்கம் வந்துவிட்டது.

"எம்மவனை உசுரோட மவுத்தாக்கிட்டாளா?" என்று கேட்டார் அம்மா. அன்று அடுப்பு மூட்டவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, அல்லாஹ்வின் மேல் ஆணையாக இனி உங்களோடு பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸப் சரிப்படாது, அதில் கேட்ட நிமிஷம் பதில் வருகிறது, அது பேச்சுதான். கடிதம் பேச்சில் சேராது.

மச்சி, நேராகவே கேட்கிறேன். அண்ணன் இல்லை என்றே முடிவு கட்டிவிட்டீர்களா? பதிலை என் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கள். தையல் டீச்சர் என்று எழுதினால் வந்து சேரும்.

உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆ கேட்கும்,
ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை, ஸ்ரீரங்கம்
27.6.2024

அன்பு ஜெய்த்தூனுக்கு,

வ அலைக்கும் சலாம். நான் நன்றாக இருக்கிறேன். தண்ணீர் ஒத்துக்கொண்டது, சாப்பாடுதான் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பதால் இறங்க மாட்டேன் என்கிறது. மாமியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் சொன்னேன் என்று சொல்லாமல் கொடு.

நோட்டீஸில் இருந்தது என் வார்த்தை இல்லை. சட்டம் அப்படி. கணவனைக் காணோம் என்று ஒரு முஸ்லிம் பெண் விடுதலை கேட்டால், அவன் இன்றைக்கு இறந்திருந்தால் யாரெல்லாம் வாரிசோ அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். பெரியத்தா வாரிசாக வராவிட்டாலும் உங்கள் அத்தாவின் அண்ணன் என்ற முறையில் அவரையும் சேர்த்தே ஆக வேண்டும். யாராவது ஒருவர், 'அவன் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான்' என்று வந்து சொல்லிவிட மாட்டார்களா என்பதற்காகத்தான் இத்தனையும். வக்கீல் பாக்கியநாதன் பொறுமையாக விளக்கினார். வாரிசுக்கு உங்கள் அண்ணன் விட்டுப்போன சொத்து என்ன? வாசலில் துருப்பிடித்து நிற்கிற மொபெட். அதை நீயே வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாது. 2017-இல் மலேசியாவுக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனார். இரண்டு வருடம் வாரம் தவறாமல் போன். 2019 ஆகஸ்ட் பதினொன்று, பக்ரீதுக்கு முதல் நாள் பேசியதுதான் கடைசி. அப்புறம் கொரோனா வந்தது. அங்கே யார் எங்கே எப்படிப் போனார்கள் என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. எம்பசிக்கு எழுதினோம், தகவல் இல்லை என்று பதில். அவரை அடக்கம் செய்யவும் முடியவில்லை, சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கவும் முடியவில்லை. முப்பத்தாறு வயதாகிறது ஜெய்த்தூன். நான் யார் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது, அதனால் கோர்ட்டுக்குப் போனேன்.

இங்கே லேபில் வேலை பிடித்திருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வீடு வீடாகப் போகிறேன். உத்தர வீதியில் ஒரு ஐயர் வீட்டு மாமி, ஊசி போடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உங்காத்துக்காரர் என்ன பண்றார்?" என்று வாரா வாரம் கேட்கிறார். வெளியூரில் இருக்கிறார் என்று வாரா வாரம் சொல்கிறேன். மறதியா, வம்பா தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை முந்நூறு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமிக்கு என் சலாம், மனசுக்குள்.
மெஹராஜ்


பாலக்கரை
9.9.2024

அன்புள்ள மச்சிக்கு,

சலாம். அம்மாவுக்கு ஒத்தடம் நடக்கிறது, கொஞ்சம் தேவலை. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்து விட்டது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாத்தில் உங்கள் விஷயம் வந்தது. பெரியத்தா எழுந்து, "பள்ளிவாசல்ல முடிச்ச நிக்காஹை, கோர்ட்ல பொட்டு வச்ச ஒரு பொம்பளை ஜட்ஜம்மா எப்படிங்க அவுக்கும்?" என்று கேட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத் நிதானமாகச் சொன்னார். நம் ஹனஃபி பிரிவுக் கிதாபில் காணாமல் போனவனின் வயசுக்காரர்கள் எல்லாம் மவுத்தாகும்வரை பெண் காத்திருக்க வேண்டுமாம். மாலிக்கி கிதாபில் நாலு வருடம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஆலிம்களே இந்த நாலு வருடத்தை எடுத்துக் கொடுத்துத்தான் சட்டமானது. "ஜட்ஜம்மா கையெழுத்துதான் போடுறாங்க, பேனா நம்மளுது" என்றார். ஆனாலும் பெரியத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் வயசுக்காரர்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள் மச்சி. உங்களுக்கு இன்னும் நாற்பது வருடமாவது ஆகியிருக்கும்.

இருபத்து நாலாம் தேதி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து வருடமாக எங்களுக்கும் ஒரு தகவலும் இல்லை என்று சொல்லப்போகிறேன். உண்மை அதுதான். அம்மா என்னை மன்னிக்கட்டும்.

பாசத்துடன்,
ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை
22.1.2025

அன்பு ஜெய்த்தூனுக்கு,

அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நீ கூண்டில் ஏறி நின்றதைப் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன். மெலிந்திருந்தாய். சாட்சி சொன்னதற்கு நன்றி சொல்லி எழுதவே நாலு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் தீர்ப்பு வந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கமே திணறியது, லேபிலும் ஓயாத வேலை. அது ஒரு சாக்கு.

நேற்று முன்தினம் தீர்ப்பு. திருமணம் கலைந்தது என்று வாசித்தார்கள். ஆனால் அன்றைக்கே இல்லை. காணவில்லை என்ற காரணத்துக்காகக் கொடுக்கிற தீர்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதற்குள் உங்கள் அண்ணன் நேரிலோ ஆள் மூலமோ வந்து, 'நான் என் மனைவியை வைத்துக் குடும்பம் நடத்தத் தயார்' என்று கோர்ட்டை நம்ப வைத்தால் தீர்ப்பு ரத்து. ஜூலை இருபது வரை நான் அவர் மனைவி. மறுநாளிலிருந்து இல்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. வக்கீல் எனக்கு இரண்டு வழி காட்டினார். இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்கவில்லை என்று போட்டால் போதும், இந்த ஆறு மாதக் காத்திருப்பே கிடையாது, அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். "ஏம்மா, சுலபமான வழி இருக்கையில?" என்று கேட்டார். காணோம் என்பதுதான் உண்மை சார் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. அந்த ஆறு மாதம் எனக்கு வேண்டியிருந்தது. சட்டமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரை வா என்று கூப்பிடுகிற ஆறு மாதம். நான் கூப்பிட்டால் வராதவர் அதற்காவது வரமாட்டாரா?

கேஸ் நடப்பது அவருக்குத் தெரியட்டும் என்று பேப்பரில் அவர் பெயரைப் போட்டு விளம்பரம் கொடுத்தார்களே, அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். அவருக்குக் கடைசியாக எழுதின லெட்டர் மாதிரி இருக்கிறது.

எல்லாருக்கும் சலாம்.
மெஹராஜ்


பாலக்கரை
3.2.2025

அன்புள்ள மச்சிக்கு,

சலாம். இங்கு அனைவரும் சுகம். உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துத் தையல் ரூமில் உட்கார்ந்து படித்துவிட்டு, பிள்ளைகள் பார்க்காமல் முகம் கழுவிக்கொண்டேன்.

நானும் ஐந்து வேளையும் அதையேதான் கேட்கிறேன். ஜூலைக்குள் அண்ணன் வந்து நிற்க வேண்டும். இன்ஷா அல்லாஹ் நிற்பார். அப்படி நடக்காவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும் அல்லவா? காணாமல் போனவர் விஷயத்தில், புருஷனைப் பறிகொடுத்தவள் இருக்கிற மவுத்து இத்தாதான், நாலு மாதம் பத்து நாள் என்று ஹஜ்ரத் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாட்களில் நீங்கள் தனியாக இருக்க வேண்டாம், நான் துணைக்கு வருகிறேன். அம்மா காலில் விழுந்தாவது சத்தியத்தைத் திரும்பக் கேட்டு வாங்குகிறேன். உங்களுக்கு வெள்ளைத் துணியும் நானே தைத்துத் தருகிறேன். ஆனால் அதற்குத் தேவை வராது மச்சி.

அன்புடன்,
ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை
3.4.2025

அன்பு ஜெய்த்தூனுக்கு,

பெருநாள் வாழ்த்து. மாமிக்கும் சொல்ல முடிந்தால் சொல். உனக்கு நோன்பில் உடம்பு தாங்கியதா? எனக்குத் தாங்கியது. வீட்டுக்கார பானுமதி அக்கா சைவம், ஆனாலும் ஒரு நாளும் விடாமல் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பேரீச்சம்பழத்தோடு மாடி ஏறி வந்தார்.

பெருநாள் அன்று தொழுதுவிட்டு, யாரும் இல்லாமல் பிரியாணி செய்ய மனசில்லாமல், பஸ் ஏறி முக்கொம்பு போனேன். கல்யாணம் ஆன புதிதில் அவரோடு போனது. ஆற்றில் மணல்தான் இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற ஆண்களின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இதே வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இடது தோளைச் சாய்த்து நடக்கிற யாரையாவது பார்த்தால் என் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போகிறேன். போன வாரம் ஒருவர் திரும்பி, "என்னங்க வேணும்?" என்று கேட்டார். மணி என்ன என்று கேட்டேன். கையில் வாட்ச் கட்டியிருந்தேன்.

இன்னும் நூற்றெட்டு நாள். எனக்கு அவர் வேண்டும் ஜெய்த்தூன். இதை எழுத வெட்கமாக இல்லை, அவர் என் புருஷன்தானே, ஜூலை வரை.

மெஹராஜ்


பாலக்கரை
29.4.2025

அன்புள்ள மச்சிக்கு,

சலாம். நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆசை. இங்கே வெயில் தாங்கவில்லை. அம்மாவுக்கு டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பள்ளி லீவு விட்டாலும் அட்மிஷன் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கடிதம் போட்டால் கிடைக்கும். பழைய தையல் மிஷின் இரண்டைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள், மோட்டார் வைத்தது, பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். மாம்பழம் விலை இறங்கிவிட்டது, வாங்கிச் சாப்பிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் யார் பின்னாலும் போக வேண்டாம் மச்சி. வெயிலில் அதிகம் அலைய வேண்டாம்.

ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை
20.5.2025

அன்பு ஜெய்த்தூனுக்கு,

சலாம். மாமியின் புது மாத்திரை வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. உன் கடிதத்தில் மாம்பழம், தையல் மிஷின் எல்லாம் இருந்தது, நீ மட்டும் இல்லை. வேலைச் சுமை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஹஜ்ரத்தைப் பார்த்தேன். நீ கேள்விப்பட்டது சரிதான். ஜூலைக்குப் பிறகு நாலு மாதம் பத்து நாள் மவுத்து இத்தா இருக்க வேண்டும் என்றார். காணாமல் போனவரை இறந்தவராக வைத்துத்தான் இந்தக் கணக்காம். லேபில் அவ்வளவு நாள் லீவு கேட்டால் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதைவிட, வெள்ளை கட்டி உட்கார்ந்தால் அவர் இல்லை என்று என் உடம்பே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆனாலும் முறைப்படி முடித்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். வருகிறேன் என்று சொன்னாயே, வருவாயா?

மெஹராஜ்


பாலக்கரை
28.5.2025

அன்புள்ள மச்சிக்கு,

சலாம். அவசரமாக எழுதுகிறேன். மவுத்து இத்தா இருக்கவே கூடாது மச்சி. வெள்ளை கட்டாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அது அவருக்கு ஆகாது. தலாக்குக்கு இருக்கிற மாதிரி மூன்று மாதம் போதும். ஹஜ்ரத்திடம் திரும்பக் கேட்க வேண்டாம். மூன்று மாதம்தான் சரி. லீவும் குறையும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை
4.6.2025

ஜெய்த்தூன்,

நலம் விசாரிக்க இப்போது கை வரவில்லை.

பிப்ரவரியில் வெள்ளைத் துணி தைத்துத் தருகிறேன் என்று எழுதியவள் நீ. மே மாதம் வெள்ளை கட்டாதே என்கிறாய். அவருக்கு ஆகாது என்கிறாய். இறந்தவருக்கு என்ன ஆகும், ஆகாது? தலாக் இத்தா என்பது உயிரோடு இருக்கிற புருஷனைப் பிரிந்தவளுக்கு.

ரத்தம் எடுக்கிறவள் நான். நரம்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. வேறெதுவும் வேண்டாம்.

மெஹராஜ்


பாலக்கரை
8.7.2025

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். பக்ரீது வந்து போனது, என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். "ஜெய்த்தூனு" என்றார். அண்ணன் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். மலேசியாவிலேயே, ஈப்போவில் இருக்கிறார். பழைய முதலாளியோடு தகராறாகி, பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கொரோனாவில் சாகக் கிடந்தவரை ஒரு குடும்பம் எடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணையே நிக்காஹ் செய்துகொண்டார். நாலு வயதில் ஒரு மகள். இப்போதுதான் பேப்பரெல்லாம் சரியாகியிருக்கிறதாம். ஏன் ஒரு போன்கூட இல்லை என்று கேட்டேன். "எந்த மூஞ்சியோட பேசுறது?" என்றார். நம் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பேப்பர் விளம்பரத்தைச் செல்போனில் காட்டியிருக்கிறார்.

"கேஸு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்களிடம் அவரை மறைத்தேன், அவரிடம் ஜூலையை மறைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பெரியத்தாவுக்குத் தெரிந்தால் மறுநாளே டிக்கெட் அனுப்பி அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்துவார். அண்ணனும் வைத்துக் குடும்பம் நடத்துகிறேன் என்று சொல்வார். மனசாரத்தான் சொல்வார். ஒரு மாதம் கழித்து ஈப்போவுக்குப் போய்விடுவார். நம் சட்டத்தில் அவருக்கு இரண்டு மனைவி இருக்கலாம். உங்களுக்கு அரைப் புருஷன்கூட இருக்கமாட்டார். திரும்பவும் முதலிலிருந்து நாலு வருடம் எண்ணுவீர்கள். அதைத் தடுக்கத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அது மட்டும் இல்லை மச்சி. வாரம் ஒரு முறை என்னைக் கூப்பிடுகிறார். உள்ளே பெண் பிள்ளை பேசுகிற சத்தம் கேட்கிறது. ஆறு வருடம் கழித்து என் அண்ணன் எனக்குக் கிடைத்திருந்தார், யாருக்கும் பங்கு வைக்காமல். அந்த ஆசையும் இருந்தது. அம்மா தொழுத விரிப்பிலேயே உட்கார்ந்து அவர் பேரைச் சொல்லி அழுவார், நான் பக்கத்து அறையில் ரவிக்கைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன். இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் அவர் ஜூலை இருபதுக்குள் வந்துவிட முடியும். இனி உங்கள் விருப்பம். என்ன செய்தாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத,
ஜெய்த்தூன்


மாம்பழச்சாலை
16.7.2025

அன்பு ஜெய்த்தூனுக்கு,

வ அலைக்கும் சலாம். நீ சுகமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அப்படி நினைக்கவில்லை. உன் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன், காகிதம் என்பதால் அதுவும் சரியாகப் போய் விழவில்லை. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நான் யார் யார் முதுகையோ பார்த்துக்கொண்டு அலைந்திருக்கிறேன், உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபம் எப்போது தீரும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று படித்ததும், முதலில் செய்தது தரையில் நெற்றியை வைத்ததுதான். அதுவும் உன் கடிதத்தால் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "யாரு?" என்றார். குரல் அப்படியே இருக்கிறது ஜெய்த்தூன், கொஞ்சம் கரகரப்பு கூடியிருக்கிறது. மெஹராஜ் என்றேன். போன் கட்டாகிவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். பிறகு, "நல்லாருக்கியா?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றேன். ஆறு வருடமாக அவரிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளை பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். நல்ல பெயர்.

ஜூலை இருபது பற்றிச் சொன்னேன். பதினெட்டு வெள்ளிக்கிழமை, கோர்ட் வேலை செய்கிற கடைசி நாள், அதற்குள் அவர் வந்து நின்றால் தீர்ப்பு நிற்காது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். உன்னை மாதிரி மறைக்க எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, "வரவா மெஹராஜ்?" என்றார்.

வாங்க என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன். சொல்லியிருந்தால் வந்திருப்பார். ஜட்ஜம்மா முன்னால் நின்று நல்லபடியாகச் சொல்லியிருப்பார். ஒரு மாதம், இரண்டு மாதம் இந்த மாடியில் எனக்குப் புருஷன் இருந்திருப்பார். அந்த இரண்டு மாதத்துக்காக எதையும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் வந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறவர் வரவா என்று கேட்கமாட்டார். வராமல் இருந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதவர், வருவதற்கு மட்டும் என் அனுமதி கேட்டார். ஆமாம் என்று சொல்கிற பாரத்தை என் தலையில் வைக்கிறார். பின்னால் அந்தப் பிள்ளை ஏதோ கேட்டது. "இருடா கண்ணு, அத்தா பேசிட்டு வர்றேன்" என்றார். என்னிடமும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இருபதுக்கு முன்னாடி வராதீங்க. இருபத்திரண்டு வாங்க. உங்க அம்மாவைப் பாக்க வாங்க" என்றேன். சரி என்றார். அழுதார். நான் அழவில்லை, போனை வைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நேற்று டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். நம்பர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டேன். பிரயோஜனம் இல்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று புதன்கிழமை. வெள்ளிவரை எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமியிடம் சொல்லிவிடு. இருபதாம் தேதி பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுத பிறகு சொல், அதற்கு முன் வேண்டாம். பெரியத்தாவுக்கு நேரம் கொடுத்துவிடாதே. சொல்லும்போது மாமியின் கையைப் பிடித்துக்கொள், சுவர் ஓரமாக உட்கார வைத்துச் சொல். உன் மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், மகனைப் பார்த்ததும் மறந்துவிடுவார். தாய்க்கு அது முடியும்.

எனக்கு இருபத்தொன்றாம் தேதியிலிருந்து இத்தா. மூன்று மாதம்தான், நீ சொன்னபடியே. லேபில் லீவு சொல்லியாகிவிட்டது. உத்தர வீதி மாமியிடம் நேற்றே போய், மூன்று மாதத்துக்கு வேறு பெண் வருவாள் என்று சொன்னேன். உங்காத்துக்காரர் வந்துட்டாரா என்று கேட்டார். வரப்போகிறார் மாமி என்றேன். "க்ஷேமமா இருங்கோ" என்று கையைத் தலையில் வைத்தார். இந்த ஒரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவர் பிளேன் இறங்குகிறது. நீயும் மாமியும் ஏர்போர்ட் வாசலில் நில்லுங்கள். அவருக்குப் பசி தாங்காது, இட்லி எடுத்துப் போ. நான் வரமாட்டேன். அன்றைக்கு அவர் எனக்கு அந்நியர், நான் இத்தாவில் இருக்கிறவள், வாசல் தாண்டக் கூடாது. எங்கள் மாடியில் துணி காயப்போடுகிற மூலையில் நின்று தெற்கே பார்த்தால், இறங்குகிற பிளேன் சின்னதாகத் தெரியும். மொட்டை மாடி வாசலுக்கு உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்று நான் ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

மெஹராஜ்